வேதநாயகம் பிள்ளையும் எழுத்தின்பமும்

முகவுரை

உழவன் விளைவு கருதி உழுகின்றான். வணிகன் ஊதியம் கருதிக் கலமேறுகின்றான். மாணவராகிய யாமோ பரீட்சையில் தேறுதல் கருதி எழுதுகின்றோம். குறித்த பக்கங்களை நிரப்பி, ஆசிரியர் இடும் மதிப்பெண்ணை எண்ணிப் பார்த்து, எழுதியதை மறந்துவிடுதல் எம்மனோர்க்கு வழக்கமாயிற்று. இங்ஙனமிருக்க, ஒருவருடைய ஏவலுமின்றி, கூலியென்பது சிறிதுமின்றி, பிறிதொரு தொழிலில் நாளெல்லாம் உழைத்த ஒருவர், ஓய்வு கிடைத்த வேளையில் உறங்காமல் எழுதுகோலைக் கையில் எடுக்கின்றாரெனின், அவரைத் தூண்டுவது யாது? இவ்வினா எமது உள்ளத்தில் எழுந்த இடம் கல்லூரி நூல்நிலையம் அன்று; கடற்கரையேயாம்.

சென்ற கோடை விடுமுறையில், எம்முடன் பயிலும் இஸ்லாமிய நண்பர் ஒருவரின் அழைப்பிற்கிணங்கி, இராமநாதபுரம் மாவட்டத்தில் மன்னார் வளைகுடாவின் கரையிலுள்ள புதுமடம் என்னும் ஊரிற் சின்னாள் தங்கினோம். மாலைதோறும் வெயில் தணிந்தபின் முதியோர் சிலர் மணலில் அமர்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துக் கொண்டே உரையாடுவர். நண்பருடைய பாட்டனார் தம் இளமைக் காலத்துக் கடற்செலவுகளைக் கதையாகச் சொல்லுவார். கேட்போர் அனைவர்க்கும் அக்கதைகள் முன்னரே தெரியும். ஆயினும் ஒருவரும் எழுந்து போவதில்லை. சொல்லுந்தோறும் அவர் முகம் மலர்வதைக் காண்பதே எமக்கு விருந்தாயிருந்தது. ஒருநாள் அப்பெரியவர் எமது கையிலிருந்த நூல் யாதென வினவினார். பிரதாப முதலியார் சரித்திரம் என்றோம். அதனை எழுதியவர் யார், என்ன தொழில் செய்தவர், எழுதியதனால் அவர் பெற்றது எவ்வளவு என்று அடுத்தடுத்துக் கேட்டார். முதல் இரண்டு வினாக்களுக்கும் எளிதில் விடை கூறினோம். மூன்றாவது வினாவிற்கு விடை கூற அறியாது விழித்தோம். இன்னும் சிறிது காலத்தில் கல்லூரிப் படிப்பு முடிந்து, பிழைப்பிற்குரிய வழியைத் தேடவேண்டிய எமக்கு, அவ்வினா நகைத்து விடுதற்குரியதாகத் தோன்றவில்லை. அவ்விடையைத் தேடி அவ்வாசிரியரின் வரலாற்றை மீட்டும் கற்றதன் பயனே இக்கட்டுரையாகும்.

பிறப்பும் கல்வியும்

வேதநாயகம் பிள்ளை 1826 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11 ஆம் நாள், திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரில், கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தார். இவருடைய தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரியம்மை. தந்தையாரிடத்தே முதற்கல்வி கற்றபின், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாக பிள்ளை என்பவரையடுத்து ஆங்கிலமும் தமிழும் பயின்றார். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857 ஆம் ஆண்டிலாதலின், இவர் கற்ற காலத்திற் பட்டமும் இல்லை. பட்டத்தை வேண்டிக் கற்பாரும் இலர். ஆசானுடைய திண்ணையே கல்லூரி; அவர் முகமலர்ச்சியே மதிப்பெண். கல்வியைக் கல்வியின் பொருட்டே விரும்பும் இயல்பு இவர்பால் இளமையிலேயே வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

இவர் இளமையிலே செய்யுள் இயற்றுந் திறன் பெற்றார். அக்காலத்துத் தமிழ் கற்றவர்க்கு அஃது அரிய செயலன்று. கடிதமும் வாழ்த்தும் நகையும் செய்யுளாகவே நடமாடிய காலம் அது. ஆனால், பிறர் புலமையைக் காட்டுதற்குச் செய்யுளைக் கைக்கொண்ட இடத்தில், இவர் உள்ளத்திற் பட்டதை உடனே ஒருவரோடு பகிர்ந்துகொள்ளுதற்கே அதனைக் கைக்கொண்டார். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் நலம்.

நீதிமன்ற வாழ்க்கை

கற்றுத் தேர்ந்த பிள்ளையவர்கள் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்திலே பத்திரங்களைக் காக்கும் அலுவலிற் புகுந்து, பின்பு மொழிபெயர்ப்பாளராயினார். மொழிபெயர்ப்பாளர் என்பவர் யார்? ஏழைக் குடியானவன் தன் குறையைத் தமிழிற் சொல்லி நிற்பான். நீதிபதியாகிய துரைக்கு அஃது ஆங்கிலத்திற் செல்லவேண்டும். துரை அளிக்கும் தீர்ப்பு ஆங்கிலத்திற் பிறக்கும். அவனுக்கு அது தமிழில் விளங்கவேண்டும். இடையிலே பிராது, ஜாமீன், வக்காலத்து என்று பிறமொழிச் சொற்கள் வேலிபோல் நிற்கும். ஒருவன் வாழ்வும் தாழ்வும் ஒரு சொல்லின் பெயர்ப்பிலே தங்கியிருப்பதை நாடோறும் கண்ட இவர்க்கு, தெளிந்த எளிய தமிழ் உரைநடையின் அருமை பிறர் சொல்லாமலே விளங்கியிருக்கும்.

1857 ஆம் ஆண்டிலே இவர் தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்தார். தரங்கம்பாடியென்றால் எம்மனோர்க்கு மற்றொரு நினைவும் வரும். டேனியர்க்கு உரியதாயிருந்து 1845 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கு வந்த அத்துறைமுக நகரிலேதான், சீகன்பால்கு ஐயருடைய முயற்சியால் 1715 ஆம் ஆண்டளவில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. தமிழ் அச்சின் வரலாற்றிற் சிறந்த அவ்வூரினின்று பிள்ளையவர்கள் சீகாழிக்கும், அங்கிருந்து இன்று மயிலாடுதுறையென வழங்கும் மாயூரத்திற்கும் மாற்றப்பெற்றார். மாயூரத்தில் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் நீதி செலுத்தினார். பின்னாளில் அந்நகராண்மைக் கழகத்தின் தலைவராகவும் பணியாற்றினார். ஆதலின் அவ்வூர்ப் பெயரே அவர் பெயருக்கு அடைமொழியாய் நிலைத்தது.

முன்சீப்பின் முன் வருவன கொலையும் கொள்ளையும் அல்ல. வரப்புத் தகராறும், பாகப் பிரிவினையும், கடன் பத்திரமுமேயாம். ஒரு தாய் வயிற்றுப் பிறந்தோர் இருவர் ஒரு மாமரத்தின் பொருட்டு முகத்தைத் திருப்பிக் கொண்டு நிற்பர். வாங்காத கடனை வாங்கினதாகச் சாட்சி சொல்ல ஒருவன் வருவான். இவ்வாறு மக்களின் வஞ்சனையும் பேதைமையும் அன்பும் அச்சமும் நாள்தோறும் நாடகமாய் நடைபெறும் இடம் நீதிமன்றம். அவற்றையெல்லாம் கண்டவர் உள்ளத்திலே அவை நிரம்பித் ததும்பும். தீர்ப்பிலோ அவற்றிற்கு இடமில்லை. தீர்ப்பு, வென்றவர் இவர், தோற்றவர் இவர் என்று கூறி முடிந்துவிடும். வென்றவன் அழுதுகொண்டு போனதையும் தோற்றவன் சிரித்துக்கொண்டு போனதையும் அதில் எழுதலாகாது. எழுதலாகாத அப்பகுதியே கதைக்கு விதையாயிற்று என்பது எமது துணிபு.

நட்பும் புலமையும்

நிரம்பிய உள்ளம் மட்டும் போதாது. கேட்குஞ் செவியும் வேண்டும். அச்செவியைப் பிள்ளையவர்கள் நட்பிலே பெற்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சீகாழிக் கோவை என்னும் நூலை அரங்கேற்றிய காலத்தில், அவ்வூரில் முன்சீப்பாயிருந்த இவர் அதனைக் கேட்டு மகிழ்ந்து பாராட்டினார். மகாவித்துவான் பின்பு மாயூரத்தில் வாழ்ந்தமையால் இருவரும் அடிக்கடி அளவளாவும் வாய்ப்பைப் பெற்றனர். மகாவித்துவானோ சிவபக்தியிற் சிறந்தவர்; திருவாவடுதுறை ஆதீனத்தின் புலவர். இவரோ தேவமாதா அந்தாதியும் திருவருள் மாலையும் பாடிய கிறிஸ்தவர். சமயம் அவர்களைப் பிரிக்கவில்லை. தமிழ் அவர்களைப் பிணித்தது. மகாவித்துவான் இவரையே பாட்டுடைத் தலைவராக வைத்துக் குளத்தூர்க் கோவை என்னும் நூலை இயற்றினார். சைவப் பெரும்புலவர் ஒருவர் கிறிஸ்தவ நண்பர்மேற் கோவை பாடிய அச்செயலை எண்ணுந்தோறும் எமது உள்ளம் குளிர்கின்றது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவராயிருந்த சுப்பிரமணிய தேசிகரும் இவருடைய இனிய நண்பரே. மகாவித்துவானின் மாணவராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களும் தம் நூல்களில் இந்நட்பினைக் குறித்துள்ளார்.

புலவர்கள் ஒருவர்க்கொருவர் செய்யுளிலேயே முடங்கல் விடுத்து மகிழ்ந்த அந்நாளில், எழுத்து என்பது தனியறைத் தவம் அன்று, உரையாடலின் நீட்சியே. எழுதுவோர்க்கு எதிரில் ஓர் அன்பர் முகம் தோன்றுகின்றது. அம்முகம் மலரும் என்ற எண்ணமே கையை ஓட்டுகின்றது.

நூல்கள்

பிள்ளையவர்களுடைய நூல்களை முறையே நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். 1859 ஆம் ஆண்டில் வெளியான நீதிநூல் அறங்களைச் செய்யுளாற் போதிப்பது. 1862 ஆம் ஆண்டில் வெளியான சித்தாந்த சங்கிரகம், சதர் நீதிமன்றத்தில் 1805 முதல் 1861 வரை எழுந்த தீர்ப்புக்களைச் சுருக்கித் தமிழில் தந்தது. ஆங்கிலம் அறியாத வழக்காளியும் சட்டத்தின் போக்கை உணர்தல் வேண்டும் என்னும் இரக்கத்தின் விளைவு அது. பெண்மதி மாலை, பெண்கள் கல்வி பெறவேண்டுமென்பதை வற்புறுத்துவது. இவை மூன்றும் கடமையின் பிள்ளைகள். முதலாவது ஆசானின் கடமை. இரண்டாவது நீதிபதியின் கடமை. மூன்றாவது சீர்திருத்தக்காரரின் கடமை.

1879 ஆம் ஆண்டில் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரமோ இன்பத்தின் பிள்ளை. தமிழின் முதல் நாவல் என்று அதனைப் போற்றுகின்றனர். அதற்கு முன் தமிழில் உரைநடை இல்லாமலில்லை. பண்டை உரையாசிரியர்கள் எழுதினர்; வீரமாமுனிவர் பரமார்த்த குருவின் கதையால் நகைப்பூட்டினர்; ஆறுமுக நாவலர் பாடநூல்களாலும் புராண வசனங்களாலும் உரைநடையைத் திருத்தினர். ஆயினும், நம் போன்ற மாந்தரின் வாழ்க்கையை முதலிலிருந்து முடிவு வரை உரைநடையிற் சொல்லும் நெடுங்கதை இல்லை. தாம் படிக்க விரும்பிய நூல் தம் மொழியில் இல்லாமையைக் கண்ட இவர், பிறர் எழுதுவாரெனக் காத்திராமல் தாமே எழுதினார்.

கதைத் தலைவனாகிய பிரதாபன் தன் வரலாற்றைத் தானே கூறுகின்றான். செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய அவன் பாடத்திற் பிழை செய்தால் அடிபடுகின்றவன் அவன் அல்லன். ஆசிரியர் மகனாகிய கனகசபை! பிழை ஒருவனுக்கும் பிரம்பு மற்றொருவனுக்குமாக அமைந்த அப்பள்ளியை நினைத்து நகையாத மாணவர் யார்? ஆயின், நகைத்து முடித்தபின் நெஞ்சில் ஒரு முள் தைக்கின்றது. செல்வர் செய்யும் பிழைக்கு எளியவர் முதுகு கொடுத்தலை அந்நீதிபதி எத்துணை வழக்குகளிற் கண்டனரோ என எண்ணத் தோன்றுகின்றது. பிரதாபனின் மனைவியாகிய ஞானாம்பாளோ அறிவில் அவனை விஞ்சியவள். கணவனைப் பிரிந்து, ஆணுடை தரித்து அவனைத் தேடிச் செல்லும் வழியில், விக்கிரமபுரியின் பட்டத்து யானை மாலையிட, அவள் அரசாகி முறைசெய்கின்றாள். பெண்மதி மாலையில் அறிவுரையாகச் சொன்னதையே இங்கு ஆசிரியர் அரியணையேற்றிக் காட்டினார். தமிழர்க்குரிய நீதிமன்றங்களிலே தமிழை விடுத்து ஆங்கிலத்தில் வாதித்தலின் கேட்டையும் இந்நூலில் எள்ளி நகையாடியுள்ளார். நீதிபதியின் இருக்கையிலிருந்து சொல்ல இயலாததைக் கதையின் திரைக்குப் பின் நின்று சொல்லிக் களித்தார் போலும்!

இந்நூல் குற்றமற்றதென்று யாம் கூறவில்லை. கதை அடிக்கடி நின்றுவிடும், அறிவுரை நீளும், ஒரு கிளைக்கதை முடியுமுன் மற்றொன்று முளைக்கும். இன்றைய நாவல்களைப் படித்துப் பழகியவர் சில பக்கங்களைத் தாண்டிச் செல்லவும் கூடும். ஆயினும் புதுமடத்துப் பெரியவரின் கடற்கதையும் அவ்வாறே கிளைத்துக் கிளைத்துச் சென்றது. கையில் நிறையப் பண்டம் வைத்திருப்பவர் விருந்தினரின் இலையில் மேலும் மேலும் இடுகின்றாரன்றோ? மிகுதியாயிட்டது சமையற் குற்றமாகலாம்; அன்பின் குறையாகாது. பின்னர் 1887 ஆம் ஆண்டில் சுகுண சுந்தரி என்னும் மற்றொரு கதையையும் அளித்தார்.

பிற மொழிகளில் இந்நிலை

பிள்ளையவர்கள் மட்டுமே இங்ஙனம் செய்தவரல்லர். வங்காளத்திலே 1865 ஆம் ஆண்டில் துர்க்கேசநந்தினியை எழுதிய பங்கிம் சந்திரர் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணிபுரிந்தவர். மலையாளத்திலே 1889 ஆம் ஆண்டில் இந்துலேகாவை வெளியிட்ட சந்து மேனோன் பரப்பனங்காடியில் முன்சீப்பாயிருந்தவர். அவர் ஆங்கில நாவல்களைப் படித்து, அக்கதைகளைத் தம் இல்லத்தார்க்கும் அன்பர்க்கும் வாய்மொழியாகச் சொல்லி வந்தார். அவர்கள் காட்டிய ஆவலே அவரை எழுதத் தூண்டியது. மூன்று மொழிகளில், மூன்று நீதியதிகாரிகள், முதல் வரிசை நாவல்களை எழுதினரென்றால் அது தற்செயல் என்று விடத்தக்கதன்று. பலதிறப்பட்ட மக்களின் வாழ்க்கையைக் காணும் வாய்ப்பும், தம் மொழியில் இல்லாத ஒன்றை இயற்ற வேண்டுமென்னும் வேட்கையும், கேட்க விரும்பும் அன்பர் கூட்டமும் ஒருங்கு சேர்ந்த இடத்திலே எழுத்தின்பம் ஊற்றெடுக்கின்றது என்பதற்கு இவர் மூவருமே சான்று.

பஞ்சமும் பாட்டும்

இன்பத்திற்காக எழுதுவோர் உலகத்தின் துன்பத்தைக் காணாது கண்மூடி இருப்பர் என்று சிலர் கருதுவர். பிள்ளையவர்களின் வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது ஆண்டுப் பஞ்சத்தில், பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கத் தம் பொருளை வாரி வழங்கினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இவருடைய வள்ளன்மையைக் கண்டு வியந்து இவர்மேற் கீர்த்தனமொன்று பாடினார். பஞ்சம் தீரவேண்டுமென இறைவனை நோக்கி இவரும் உருகிப் பாடினார். எச்சமயத்தாரும் ஒருங்கே பாடுதற்கேற்ப இவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனை 1878 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. பஞ்சம் தொடங்கிய 1876 ஆம் ஆண்டிலேதான் ஆருயிர் நண்பராகிய மகாவித்துவானும் காலமானார். தோழரை இழந்து, தெருவெல்லாம் பசிப்பிணியைக் கண்டு நொந்த அந்நாட்களை அடுத்தே, நகைச்சுவை நிரம்பிய பிரதாப முதலியார் சரித்திரம் அச்சில் வந்தது. துன்பம் அறியாதவரின் சிரிப்பன்று அது. துன்பத்தைக் கண்டபின்னும் மக்கள்மேல் வைத்த நம்பிக்கையை இழவாதவரின் சிரிப்பு. அதனாலேயே அது இன்றும் உலராமல் இருக்கின்றது.

முடிவுரை

1889 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21 ஆம் நாள் வேதநாயகம் பிள்ளை இறைவனடி சேர்ந்தார். அவர் அளித்த தீர்ப்புக்களால் நிலம் பெற்றவரும் இழந்தவரும் மறைந்தனர்; அவர் அமர்ந்து முறைசெய்த இருக்கையிற் பின்னர் எத்தனையோ பேர் அமர்ந்து எழுந்தனர். பிழைப்பிற்காகச் செய்த பணியைச் செவ்வனே செய்தார்; அதற்குரிய ஊதியத்தைப் பெற்றார்; அக்கணக்கு அன்றே தீர்ந்தது. இன்பத்திற்காகச் செய்த பணியின் கணக்கோ இன்னும் தீரவில்லை.

புதுமடத்தினின்று புறப்படுவதற்கு முந்தின மாலை, அப்பெரியவர் விருப்பப்படி, கனகசபை அடிபடும் பகுதியைக் கடற்கரையில் உரக்கப் படித்தோம். வலை பின்னிய கைகள் நின்றன. முதியோர் வாய்விட்டு நகைத்தனர். ஒருவர் தாம் பள்ளியில் அடிபட்ட கதையைத் தொடங்கினார். மற்றொருவர் அவரை இடைமறித்துத் தம் கதையைத் தொடங்கினார். நூலை மூடிவிட்டு யாம் கேட்டுக்கொண்டிருந்தோம். குளத்தூரிற் பிறந்து, மாயூரத்தில் வாழ்ந்து, நூற்றாண்டுக்கு முன்பே மறைந்த ஒருவர், தாம் ஒருநாளும் கண்டறியாத மக்களோடு அன்று மணலில் அமர்ந்து உரையாடினார் என்றே எமக்குத் தோன்றியது. எழுதினவர் பெற்றது எவ்வளவு என்ற வினாவிற்கு அதுவே விடையென்று பெரியவரிடம் சொல்லக் கருதினோம். அவரோ அதற்குள் தமது கடற்கதையைத் தொடங்கிவிட்டார். விடை அவர்க்குத் தேவைப்படவில்லை.

எமக்கே அது தேவைப்பட்டது. படிப்பு முடிந்தபின் யாம் எவ்வலுவலிற் புகுவோமென்று அறியோம். ஆசிரியராகலாம், அரசாங்க எழுத்தராகலாம், தமிழுக்குத் தொடர்பில்லாத தொழிலொன்றில் அமரவும் நேரலாம். முன்பு அதனை எண்ணி வருந்தினோம். இனி வருந்தோம். பகற்பொழுது யாருக்கு உரியதாயினும், மாலையில் ஒரு நாழிகையேனும் எமக்கு உரியதாகும். பெற்ற தாலந்தை மண்ணிற் புதைத்து வைத்த ஊழியனின் உவமையைத் திருமறையிற் படித்த நாம், எழுத வல்ல கையைச் சும்மா வைத்திருத்தல் தகுமோ? மதிப்பெண் இடுவார் இல்லாத ஏட்டில் எழுதிப் பழகுவோமாக. எங்கேனும் ஒரு கடற்கரையில் முகமறியாத ஒருவர் அதனைப் படித்து முறுவலிப்பரேல், அக்கூலி நமக்குப் போதும்.